வருமான வரி போர்ட்டலை வருடக்கணக்கில் பயன்படுத்தியதில் தெரிந்தவை

வருமான வரித் துறையின் இப்போதைய இணையதளம் 2021 ஜூன் 7 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. முதல் சில மாதங்கள் உள்ளே நுழைவதே பெரும்பாடாக இருந்தது. தனிநபர்கள் ரிட்டன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியை அந்த வருடம் ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 30, பிறகு டிசம்பர் 31 என்று தள்ளிவைக்க வேண்டி வந்தது. அந்தக் காலம் போய்விட்டது. சம்பளமும் வங்கி வட்டியும் மட்டுமே உள்ள ஒருவர், ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இன்று அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடலாம்.

ஆனாலும் பலருக்கு ரீஃபண்ட் நிற்கிறது, நோட்டீஸ் வருகிறது. படிவத்தைத் தப்பாக நிரப்பியதால் வருவது குறைவு. அலுவலகம், வங்கி, மியூச்சுவல் ஃபண்ட் என்று நாலா பக்கமிருந்தும் உங்கள் பான் எண்ணில் வந்து சேரும் விவரங்களோடு நீங்கள் எழுதியது ஒத்துப்போகாததால் வருவதுதான் அதிகம். ஆகவே இந்தத் தளத்தில் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதியை ரிட்டனைத் திறப்பதற்கு முன்பே செலவிட வேண்டும். (இங்கே சொல்லும் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் சம்பாதிக்கும் வருமானத்துக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம். அதில் எண்கள் வேறு.)

முதலில் புரொஃபைல். அங்கே இருக்கும் செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும் யாருடையவை என்று பாருங்கள். நம் ஊரில் பாதிப் பேருக்கு அது ஆடிட்டருடையதாகவோ, பழைய அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவருடையதாகவோ இருக்கும். நோட்டீஸ் அவருக்குப் போகும். நமக்குத் தெரியவரும்போது பதில் சொல்லும் கெடு முடிந்திருக்கும். ஆடிட்டர் விவரத்தை இரண்டாவது தொடர்பாக வைத்துக்கொள்ளலாம். முதல் தொடர்பு நம்முடையதாகவே இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அடுத்தது வங்கிக் கணக்கு. 'மை பேங்க் அக்கவுண்ட்' பகுதியில் கணக்கைச் சேர்த்து, அது 'வேலிடேட்டட்' என்று காட்ட வேண்டும். பிறகு ரீஃபண்டுக்கு அந்தக் கணக்கைத் தேர்வு செய்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று விடுபட்டாலும் பணம் வராது. இங்கே தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். பான் விண்ணப்பத்தில் பெயரைச் சுருக்கி எழுத விடமாட்டார்கள், அதனால் எஸ். முருகன், பான் கார்டில் முருகன் சுப்பிரமணியன் ஆகிவிடுகிறார். வங்கியில் அவர் முருகன் எஸ். ஆதாரில் வெறும் முருகன். மனிதக் கண்ணுக்கு மூவரும் ஒருவரே. தளம் பானில் உள்ள பெயரை வங்கி வைத்திருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்போது 'வேலிடேஷன் ஃபெயில்ட்' என்று வந்து நிற்கும். திரும்பத் திரும்ப அதே பட்டனை அழுத்திப் பயனில்லை. எந்தப் பெயர் சரி என்று ஒருமுறை முடிவு செய்து, மற்ற இரண்டையும் அதற்கு மாற்றுவதுதான் வழி. வங்கியில் கேஒய்சி திருத்தம் கொடுப்பது பெரும்பாலும் சுலபம். பானில் திருத்த, பான் சேவை நிறுவனங்களான புரோட்டியன் அல்லது யூடிஐஐடிஎஸ்எல் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இணைந்துபோன வங்கிகளும் இதே இடத்தில் காலை வாரும். அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், நம் கரூர் லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ்ஸோடும் 2020-இல் இணைந்தன. ஐஎஃப்எஸ்சி எண்கள் பிறகு மாறின. பழைய எண் புரொஃபைலில் அப்படியே கிடந்தால் அந்தக் கணக்கை நீக்கிவிட்டுப் புதிய எண்ணோடு மறுபடி சேருங்கள். வங்கியிலும் தளத்திலும் ஒரே செல்பேசி எண் இருந்தால், வங்கிக் கணக்கு வழியாகக் குறியீடு பெற்று ரிட்டனை உறுதிசெய்யும் 'ஈவிசி' வசதியையும் அங்கேயே செயல்படுத்திவிடலாம். ஆதார் ஓடிபி வராத நாளில் கைகொடுப்பது அதுதான்.

எப்போது தாக்கல் செய்வது? ஏப்ரலிலேயே முடிக்க ஆசைப்பட வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த டிடிஎஸ்ஸின் (பணத்தைத் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) கணக்கை அலுவலகங்களும் வங்கிகளும் மே 31 வரை கொடுக்கலாம். சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் பார்ம் 16 சான்றிதழைக் கொடுக்க ஜூன் 15 வரை நேரம் உண்டு. அதற்கு முன் திறந்தால் தளம் தானாக நிரப்பித் தரும் விவரம் அரைகுறையாக இருக்கும். அதை நம்பி அனுப்பினால் பிறகு திருத்த ரிட்டன்தான். ஜூன் கடைசி வாரம் தொடங்கி ஜூலை முதல் பாதிக்குள் முடிப்பது உத்தமம். கடைசி மூன்று நான்கு நாட்களில் தளம் திணறும் வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஒப்பீட்டுக்கு மூன்று ஆவணங்கள் வேண்டும்: பார்ம் 16, 26ஏஎஸ், ஏஐஎஸ். துறை வைத்திருக்கும் வரிக் கணக்கான 26ஏஎஸ்ஸில் முக்கியமாக வரிப்பிடித்தம் இருக்கும். 2021 நவம்பரில் வந்த ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்ஸில் வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை என எல்லாமும். ஏஐஎஸ் பிடிஎஃப்பைத் திறக்க, பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதியை எட்டு இலக்கத்தில் சேர்க்க வேண்டும். ரிட்டன் ஒப்புகைச் சீட்டுக்கும் அதைத் துறை சரிபார்த்தபின் அனுப்பும் 143(1) அறிவிப்புக்கும் இதே கடவுச்சொல்தான். 26ஏஎஸ்ஸுக்குப் பிறந்த தேதி மட்டும் போதும்.

ஏஐஎஸ்ஸை நிதானமாகப் படிக்க வேண்டும். உதாரணமாக ஒரு வங்கியில் ஃபிக்சட் டெபாசிட் வட்டி 62,000 ரூபாய், அதில் டிடிஎஸ் 6,200 என்று வைத்துக்கொள்வோம். வங்கி இதை டிடிஎஸ் கணக்கிலும் கொடுக்கும். ஆண்டு முழுக்கக் கொடுத்த வட்டியைச் சொல்லும் எஸ்எஃப்டி-016 அறிக்கையிலும் கொடுக்கும். ஒரே வட்டி இரண்டு வரிகளில் வரும். சுருக்கப் பக்கமான டிஐஎஸ் பெரும்பாலும் இரட்டிப்பை நீக்கிவிடும். இரண்டு அறிக்கையிலும் தொகை கொஞ்சம் வேறுபட்டால் நீக்காமல் விட்டுவிடுவதும் உண்டு. அப்போது 62,000 என்பது 1,24,000-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். அந்த வரியைத் திறந்து, கருத்துச் சொல்லும் இடத்தில் 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். ரிட்டனில் வங்கியின் வட்டிச் சான்றிதழில் உள்ள தொகையை எழுதுங்கள், சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். 2024 மே மாதத்திலிருந்து நம் கருத்தை வங்கி ஏற்றதா மறுத்ததா என்பதும் அங்கேயே தெரிகிறது. மிக நல்ல மாற்றம் இது. முன்பெல்லாம் கருத்துச் சொன்னபின் என்ன ஆயிற்று என்றே தெரியாது.

ஜாயின்ட் அக்கவுண்டில் முழு வட்டியும் முதல் பெயருக்காரர் தலையில் விழும். மியூச்சுவல் ஃபண்ட் விற்பனையில் ஏஐஎஸ் காட்டும் வாங்கிய விலை சரியாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. ஃபண்டுகளின் கணக்கைப் பராமரிக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் நிறுவனங்கள் தரும் மூலதன ஆதாய அறிக்கையைத்தான் பின்பற்ற வேண்டும். சேமிப்புக் கணக்கின் சில நூறு ரூபாய் வட்டியும் அங்கே பதிவாகியிருக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள். போன வருட ரீஃபண்டோடு வந்த வட்டியைப் பலர் மறக்கிறார்கள். ரீஃபண்டுக்கு வரி கிடையாது. அதற்கு மாதம் அரை சதவீதம் சேர்த்துக் கொடுக்கும் வட்டி வருமானம்தான்.

இனி ரிட்டன். சம்பளம் அல்லது ஓய்வூதியம், வீட்டு வருமானம், வட்டி, மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள் என்றால் ஐடிஆர்-1 படிவம். 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து (சம்பாதித்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு), பங்கும் பங்கு சார்ந்த ஃபண்டும் விற்று 112ஏ பிரிவில் வரும் நீண்டகால ஆதாயம் 1.25 லட்சம் வரை இருந்தாலும் ஐடிஆர்-1 போதும். குறுகியகால ஆதாயம் ஒரு ரூபாய் இருந்தாலும் ஐடிஆர்-2.

உள்ளே நுழைந்ததும் நின்று படிக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. '115பிஏசி(6)-இன் கீழ் புதிய வரி முறையிலிருந்து விலக விரும்புகிறீர்களா' என்பது அதன் சாரம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் புதிய முறையே இயல்பான தேர்வு. 'இல்லை' என்றால் புதிய முறை, 'ஆம்' என்றால் பழைய முறை. பழைய முறை வேண்டும் என்று நினைத்து 'இல்லை'யை அழுத்துகிறவர்கள் ஏராளம். பிறகு 80சி சேமிப்புக் கழிவு, வீட்டு வாடகைப்படி எதுவும் கழியாமல் வரி எகிறி நிற்கும். இரண்டு முறையிலும் ஒருதடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வீட்டுக்கடன் வட்டியும் வாடகைப்படியும் பெரிதாக இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் புதிய முறைதான் லாபம். தொழில் வருமானம் உள்ளவர்கள் பழைய முறைக்குப் போக 10-ஐஇஏ படிவத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும். கெடு தாண்டிய ரிட்டனில் பழைய முறையே கிடையாது. தாமதத்துக்கு 5,000 ரூபாய் கட்டணத்தைவிட (வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000) இந்த இழப்பு பலருக்குப் பெரிது.

தளம் போட்டுக் காட்டும் வரிக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் கூடாது. 2024 ஜூலை 5-க்குப் பிறகு, புதிய முறையில் குறுகியகாலப் பங்கு ஆதாயத்தின் மீதான வரிக்கு, வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருப்பவர்களுக்கான 87ஏ தள்ளுபடியை மென்பொருள் தர மறுத்தது. அதற்கு முன் தாக்கல் செய்தவர்களுக்குத் தந்திருந்தது. மும்பை உயர் நீதிமன்றம் வரை விஷயம் போய், திருத்த ரிட்டனுக்கும் தாமத ரிட்டனுக்குமான கெடு 2025 ஜனவரி 15 வரை நீண்டது. மென்பொருள் என்பது சட்டத்துக்கு ஒருவர் எழுதிய விளக்கம், அது மாறும்.

வரி பாக்கி இருந்தால் ரிட்டனுக்குள் இருந்தே 'பே நவ்' போவது நல்லது. சலான் விவரம் தானாக வந்து உட்காரும். வெளியே 'இ-பே டாக்ஸ்' வழியாகக் கட்டினால் வங்கிக் கிளையைக் குறிக்கும் ஏழு இலக்க பிஎஸ்ஆர் எண், தேதி, ஐந்து இலக்க சலான் எண், தொகை நான்கையும் நாமே ஏற்ற வேண்டும். சலான் உருவாக்கியதும் கிடைக்கும் சிஆர்என் என்ற குறிப்பு எண் 15 நாட்கள்தான் செல்லும். சலானில் தேர்ந்தெடுக்க வேண்டிய வகை எண், முன்கூட்டிய வரிக்கு 100, ரிட்டனோடு கட்டுவதற்கு 300, பாக்கி கேட்டு வரும் டிமாண்ட் நோட்டீசுக்கு 400. பலர் சறுக்கும் இடம் மதிப்பீட்டு ஆண்டு. 2025-26 நிதியாண்டில் சம்பாதித்ததற்கு மார்ச்சில் முன்கூட்டிய வரி கட்டும்போது 2026-27 என்று போட வேண்டும். தப்பாகப் போட்டால் பணம் வேறு வருடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தளத்திலேயே சலான் திருத்தம் உண்டு என்றாலும் ஆண்டை மாற்றக் கட்டிய நாளிலிருந்து 7 நாட்கள்தான் அவகாசம், மற்ற தலைப்புகளுக்கு 30 நாட்கள். கட்டிய அன்றே சலானைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

ரிட்டனை அனுப்பியபின் 30 நாட்களுக்குள் இ-வெரிஃபை செய்ய வேண்டும், அதாவது அனுப்பியது நாமே என்று இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். செய்யாமலே விட்டால் செய்த வேலை அத்தனையும் வீண். தாமதமாகச் செய்தால், செய்த தேதியே தாக்கல் தேதி ஆகிவிடும். ஜூலையில் அனுப்பியதும் கெடு தாண்டியதாகக் கணக்காகும். ஆதார் ஓடிபி போதும், ஒரு நிமிட வேலை. அனுப்பியபின் தவறு கண்ணில் பட்டால், வெரிஃபை செய்வதற்கு முன் என்றால் 'டிஸ்கார்ட்' செய்துவிட்டுப் புதிதாக அனுப்பலாம். கெடு முடிவதற்குள் மறுபடி அனுப்பிவிட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பிறகு வரும் 143(1) அறிவிப்பில் இரண்டு பத்திகள் இருக்கும்: நாம் சொன்னது, அவர்கள் கணக்கிட்டது. எந்த வரியில் எண் பிரிகிறதோ அதுதான் பிரச்சினை. பெரும்பாலும் டிடிஎஸ் வரிசையில்தான் பிரியும். அலுவலகம் பிறகு தன் டிடிஎஸ் கணக்கைத் திருத்தி 26ஏஎஸ்ஸில் சரியாகிவிட்டால், 154 பிரிவின்படியான திருத்த விண்ணப்பத்தில் 'ரீபிராசஸ்' (மறுபடி கணக்கிடுவது) கேட்டாலே போதும். டிமாண்ட் வந்திருந்தால் பதில் சொல்லாமல் விடாதீர்கள். அடுத்த வருட ரீஃபண்டில் கழித்துக்கொள்வார்கள். 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' பகுதியில் ஏற்கவில்லை என்றால் காரணத்தோடு அப்படியே சொல்லலாம்.

'உங்கள் ரீஃபண்ட் தயார், இங்கே அழுத்துங்கள்' என்று வரும் குறுஞ்செய்திகளை நம்பவே வேண்டாம். துறையிடமிருந்து வரும் ஆணைகளிலும் நோட்டீஸ்களிலும் டிஐஎன் என்ற ஆவண அடையாள எண் இருக்கும். லாகின் செய்யாமலே முகப்புப் பக்கத்தில் அந்த எண்ணைக் கொடுத்து உண்மையா என்று சோதிக்கும் வசதி இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு இதை மட்டுமாவது சொல்லிக்கொடுங்கள்.

குடும்பத்தில் ஒருவர் இறந்துவிட்டால், அந்த வருடம் அவர் இறக்கும் நாள் வரையிலான வருமானத்துக்கு வாரிசு ரிட்டன் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். வாரிசு தன் சொந்த லாகினில் போய், பிரதிநிதியாகப் பதிவு செய்யும் பகுதியில் இறப்புச் சான்றிதழ், இறந்தவரின் பான், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். ஒப்புதல் வந்தபின் அங்கிருந்தே அவர் பெயரில் தாக்கல் செய்யலாம். வாரிசுச் சான்றிதழ் கைக்கு வர நாளாகும் என்பதால் அதற்கு முதலில் விண்ணப்பித்துவிடுங்கள். இறந்தவரின் வங்கிக் கணக்கை மூட எழுதிக் கொடுப்பதற்கு முன், அவர் பெயரில் ரீஃபண்ட் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று தளத்தில் பார்த்துவிடுங்கள்.