பறக்க ஆசை: நீலச் சீருடையா, வெள்ளையா, பச்சையா?

ப்ளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படிக்கும் பிள்ளை ராணுவ பைலட் ஆக வேண்டும் என்றால், வீட்டில் எல்லோரும் விமானப்படையைத்தான் நினைக்கிறார்கள். கடற்படையிலும் தரைப்படையிலும் பைலட்டுகள் உண்டு என்பது பலருக்குப் புதுச் செய்தி. சம்பளத்தை வைத்து ஒப்பிட ஒன்றுமில்லை. மூன்றிலும் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். பறப்பதற்கான படியும் ஒன்றுதான். வேலைதான் வேறு வேறு.

விமானப்படையில் பறப்பதே பிரதானத் தொழில். ப்ளஸ் டூ முடித்தால் என்.டி.ஏ. என்னும் தேசியப் பாதுகாப்பு அகாடமி, டிகிரி முடித்தால் ஏஎஃப்கேட் என்னும் விமானப்படை நுழைவுத் தேர்வு. இரண்டாவது வழியில் கிடைப்பது 14 ஆண்டு மட்டுமே நீளும் ஷார்ட் சர்வீஸ், பென்ஷன் கிடையாது. ஹைதராபாத் அருகே துண்டிகலில் பிலாட்டஸ் பயிற்சி விமானத்தில் பழக்கிவிட்டு ஃபைட்டர், டிரான்ஸ்போர்ட், ஹெலிகாப்டர் என்று பிரிப்பார்கள். விருப்பத்தைக் கேட்பார்கள், ஆனால் மார்க்கும் படையின் தேவையும்தான் முடிவு செய்யும். தஞ்சாவூர் சுகோய், சூலூர் தேஜஸ் போன்ற ஃபைட்டர்களுக்கு ஆசைப்பட்டவர் ஏஎன்-32 டிரான்ஸ்போர்ட் விமானம் ஓட்டப் போகலாம். அதற்காக வருந்த வேண்டாம். வெளியே வந்தபின் ஏர்லைன்ஸ் வேலைக்கு டிரான்ஸ்போர்ட் பைலட்டுக்குத்தான் வழி சுலபம். ஹெலிகாப்டரிலேயே காலம் கழித்தவர் படாத பாடு பட வேண்டியிருக்கும்.

என் ஓட்டு கடற்படைக்கு. கோவாவில் மிக்-29கே ஃபைட்டர் இருக்கிறது. ஆனால் அதில் இடம் மிகக் குறைவு. அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளத்தில் நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8ஐ விமானங்கள் இருக்கின்றன, ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் அங்கேதான். போர்க்கப்பலில் இறங்கும் ஹெலிகாப்டர் பைலட்டின் வேலையை நினைத்துப் பாருங்கள். இறங்க வேண்டிய தளம் முன்னே ஓடிக்கொண்டே இருக்கிறது, கூடவே மேலும் கீழும் ஆடுகிறது. இரவில் கடல் எது, வானம் எது என்று தெரியாது. தளத்துக்கு மேலே அந்தரத்தில் நின்று, ஆட்டம் சற்று அடங்கும் நொடி பார்த்து இறக்க வேண்டும். வேறெங்கும் இந்தக் கைத்திறன் வராது.

தரைப்படை விமானப் பிரிவு 1986-இல் தனிப் பிரிவானது. அங்கே பைலட் என்றால் ஹெலிகாப்டர்தான். பெரும்பாலும் வேறொரு பிரிவில் அதிகாரியாக இருந்து, பிறகு விருப்பம் தெரிவித்து, நாசிக்கில் பயிற்சி பெறுவார்கள். 2022-இல் தரைப்படை விமானப் பிரிவின் முதல் பெண் போர் பைலட்டான அபிலாஷா பராக்கும் வான் பாதுகாப்புப் பிரிவிலிருந்து வந்தவர்தான். காற்று மெலிந்த சியாச்சின் பனிமலை உயரத்தில் சீட்டா ஹெலிகாப்டரில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்குப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். முதலில் ராணுவம், அப்புறம் பறத்தல் என்று நினைப்பவருக்குச் சரி. மற்றவருக்குக் காத்திருப்பு நீளும்.

சரி, மூன்றுக்கும் பொதுவான வாசல் ஒன்று உண்டு. உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டர் வேண்டும். உட்கார்ந்த உயரம், காலின் நீளம் எல்லாவற்றையும் டேப் வைத்து அளப்பார்கள், காக்பிட்டில் பொருந்த வேண்டுமே. பைலட் திறனுக்கான கம்ப்யூட்டர் தேர்வை வாழ்நாளில் ஒரே தடவைதான் எழுத முடியும். அதில் தவறினால் எந்தப் படையிலும் பைலட் ஆக முடியாது. கடற்படையில் முன்பு 'அப்சர்வர்' என்றும் இப்போது 'நேவல் ஏர் ஆபரேஷன்ஸ் ஆபீசர்' என்றும் அழைக்கப்படும் பணிக்கு மட்டும் அந்தத் தேர்வைக் கேட்பதில்லை. அந்தப் பணியில் இருப்பவர் விமானத்தை ஓட்ட மாட்டார். ரேடாரையும், நீருக்கடியில் ஒலியை வைத்துத் தேடும் சோனார் கருவிகளையும் வைத்து நீர்மூழ்கியை விரட்டுவது அவர்தான்.