ஆப்பிள் பார்க், கூகுள் பே வியூ: இரண்டு சூரியக் கூரைகள்

கலிபோர்னியாவில், ஒரே சிலிக்கான் பள்ளத்தாக்கில் இருக்கின்றன இந்த இரண்டு அலுவலக வளாகங்களும்: ஆப்பிள் நிறுவனத்தின் ஆப்பிள் பார்க், கூகுளின் பே வியூ (Bay View).

குபர்டினோவில் 2017இல் திறக்கப்பட்ட ஆப்பிள் பார்க்கின் கூரையில் 17 மெகாவாட் சூரியத் தகடுகள் உள்ளன. பரந்த கூரையில் வழக்கமான தட்டைத் தகடுகளை நெருக்கமாகப் பரப்பும் வழி இது. பழுதானதைக் கழற்றி மாற்றுவது எளிது. திறனிலும் ஆப்பிளே முன்னால் நிற்கிறது.

மவுண்டன் வியூவில் 2022இல் திறந்த கூகுளின் பே வியூ வளாகத்தின் திறன் ஏறத்தாழ 7 மெகாவாட்தான். ஆனாலும் என் மனம் அங்கேதான் போகிறது. கூடாரம் போல வளைந்திறங்கும் கூரைகளில் சுமார் 90,000 தகடுகள், டிராகனின் செதில்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தியிருக்கின்றன. ஒவ்வொரு சரிவும் ஒவ்வொரு திசையை நோக்குவதால் உற்பத்தி உச்சிவேளையில் மட்டும் குவியாமல், காலைக்கும் மாலைக்கும் பரவுகிறது. மாலையில் மின்தேவை ஏறும் கலிபோர்னியாவில் இது பெரிய நன்மை. கண்ணாடியின் சொரசொரப்பு கூசும் ஒளியையும் குறைக்கிறது.

வளாகத் தேவையில் சுமார் 40 சதவீதத்தையே இக்கூரை தரும் என்பது கூகுளின் கணக்கு. பழைய கட்டடத்துக்கு ஆப்பிளின் தட்டைத் தகடுகளே பொருந்தும். புதிதாக வரைபவர்கள் பே வியூவைப் பார்த்துவிட்டுக் கோடு போடலாம்.