சலமான்காவா, ஷேலாவா? கோடையில் ஸ்பானிஷ் கற்க ஊர் தேடுவோருக்கு

ஸ்பானிஷ் மொழியை அது பேசப்படும் ஊரிலேயே தங்கிக் கற்பது என்று முடிவுசெய்த பிறகு நான் எடைபோட்டுப் பார்த்த ஊர்கள் இரண்டு: ஸ்பெயினின் சலமான்கா, மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் மேற்கு மலைப்பகுதியில் உள்ள கெட்சால்தெனாங்கோ. பின்னதை அவ்வூரார் ஷேலா என்றே அழைக்கிறார்கள்; நானும் அப்படியே எழுதுகிறேன். நான் தேர்ந்தெடுத்தது ஷேலாவை. சலமான்காவைப் பின்னர் ஒரு பயணியாக மட்டுமே பார்த்தேன். அங்கு ஒரு கோடைப் படிப்பை முழுவதும் முடித்த தோழி விரிவாகச் சொன்னவற்றையே அவ்வூரின் வகுப்புகள் பற்றிய பகுதிக்கு நம்பியிருக்கிறேன் என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சலமான்காவின் பெருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பல்கலைக்கழகம் 1218-இல் தோன்றியது. அந்தோனியோ தே நெப்ரிஹாவின் ஸ்பானிய இலக்கணம் 1492-இல் அச்சேறியதும் அவ்வூரில்தான். செலவைப் பொறுத்தவரை ஷேலாவுக்குப் போட்டியே இல்லை. ஷேலாவில் ஒரு வாரத்துப் பாடம், வீட்டுத் தங்கல், சாப்பாடு மூன்றுக்கும் சேர்த்துக் கொடுக்கும் தொகையில், சலமான்காவில் வகுப்புக் கட்டணம் போக அதிகம் மிஞ்சாது. இவ்விரண்டும் எல்லோரும் அறிந்தவைதாம். என் முடிவு இவற்றால் அமையவில்லை.

முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: ஒரு நாளில் என் வாயிலிருந்து எத்தனை நிமிடம் ஸ்பானிஷ் வரும்? சலமான்காவில் வழக்கமான கோடை வகுப்பு ஒரு குழுவாக நடக்கிறது. நான்கு மணி நேர வகுப்பில் பத்துப் பேர் இருந்து, நேரத்தில் பாதியை ஆசிரியர் எடுத்துக்கொண்டால், ஒருவருக்குக் கிடைப்பது பன்னிரண்டு நிமிடம். கூச்சம் உள்ளவருக்கு அதுவும் கிடைக்காது, முந்திக்கொள்பவருக்குப் போய்விடும். ஷேலாவிலும், குவாத்தமாலாவின் இன்னொரு ஊரான அன்டிகுவாவிலும் பெரும்பாலான பள்ளிகளின் முறையே வேறு: ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர், நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். அங்கும் ஆசிரியர் பாதி நேரம் பேசினாலும், மீதி இரண்டு மணி நேரமாவது முழுவதும் மாணவருடையது. ஒருவர் வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொள்ள அந்த மேசையில் இடமில்லை.

எனக்குக் கிடைத்த ஆசிரியை நான் பேசும்போது குறுக்கிடமாட்டார். நேற்று மாலை என்ன செய்தேன் என்று நான் தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் ஒரு தாளை நெடுவாக்கில் இரண்டாக மடித்து, இடப்பக்கத்தில் என் பிழைகளை எழுதிக்கொண்டே வருவார். இடைவேளைக்குப் பின் அந்தத் தாளை என்னிடம் தள்ளி, வலப்பக்கத்தில் என்னையே திருத்தச் சொல்வார். பிறகு அதே கதையை முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டும். ஸ்பானிஷின் இரு வகை இறந்த காலங்களில் எதை எங்கே வைப்பது என்பது புத்தகத்தில் படித்துப் புரியாமல், இந்தத் தாளில்தான் எனக்கு மெல்ல மெல்லப் பிடிபட்டது. பத்துப் பேர் உள்ள வகுப்பில் ஒருவருடைய பிழைக்கு மட்டும் இவ்வளவு நேரம் ஒதுக்க எவ்வளவு நல்ல ஆசிரியராலும் இயலாது.

இம்முறையின் குறைகளையும் மறைக்கக் கூடாது. மூன்றாவது மணி நேரத்துக்குள் தலை கனத்துவிடும். எல்லாமே ஆசிரியர் ஒருவரைச் சார்ந்திருப்பதால், அவர் சரியாக அமையாவிட்டால் அந்த வாரமே வீணாகும். வார இறுதியில் ஆசிரியரை மாற்றித் தரும்படி கேட்பது அங்கே வழக்கம்தான், தயங்க வேண்டியதில்லை. ஆசிரியர்கள் வெளிநாட்டவருக்காக நிதானமாகவும் தெளிவாகவும் பேசிப் பழகியவர்கள் என்பதால், தெருவில் கேட்கும் ஸ்பானிஷ் திடீரென்று வேறு மொழிபோலத் தோன்றும். மேலும் ஷேலாவைச் சுற்றிலும் அம்மண்ணின் பூர்வகுடிகளான கிச்சே மாயா மக்கள் வாழ்கிறார்கள். சந்தையில் காய்கறி விற்கும் பெண்கள் தமக்குள் கிச்சே மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். காதில் விழுவதெல்லாம் ஸ்பானிஷாக இருக்கும் என்று எதிர்பார்த்துச் செல்பவருக்கு அது வியப்பாக இருக்கலாம்.

ஆனால் வகுப்புக்கு வெளியே சலமான்காவுக்கும் ஒரு சிக்கல் உண்டு. அது பல்கலைக்கழக ஊர். ஜூலை, ஆகஸ்டில் உள்ளூர் மாணவர்கள் விடுமுறைக்குத் தத்தம் ஊர்களுக்குச் சென்றுவிட, அவர்கள் இடத்தை மொழி படிக்க வந்த வெளிநாட்டவர் நிரப்புகிறார்கள். மாணவர் விடுதியில் தங்கிய என் தோழி, பிளாசா மயோர் சதுக்கத்தில் இரவு பத்து மணிக்கு மேல் நண்பர்கள் கூடும்போது பேச்சு எப்போதும் ஆங்கிலத்தில்தான் போய் முடிந்தது என்று சொன்னார். உள்ளூர்க் குடும்பத்துடன் தங்கும் ஏற்பாட்டை அங்கும் கேட்டுப் பெறலாம். அங்கே செல்பவர்கள் கட்டாயம் அதையே கேட்க வேண்டும் என்பது அவர் கருத்து.

பண்பாடு என்ற தலைப்பில் நடப்பவற்றையும் பார்க்க வேண்டும். காஸ்டிலிய நகரமான சலமான்காவில் தென் ஸ்பெயினில் உள்ள ஆந்தலூசியாவின் பிளமென்கோ நடனத்தைச் சொல்லித்தருவது, சுற்றுலாவுக்காகச் சேர்த்ததாகவே எனக்குப் படுகிறது. அதே ஊரின் கட்டடக்கலையும் இலக்கிய மரபும் பற்றிய வகுப்புகள் உயர்ந்தவை என்று தோழி சொல்கிறார். ஷேலாவின் பள்ளிகள் பலவற்றில் மாலை நேரங்களில் 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போர் பற்றியும், காபித் தோட்டத் தொழிலாளர் நிலை பற்றியும் பேச்சுகள் நடக்கும். எளிய பொழுதுபோக்கு அன்று; எனினும் கேட்டுவிட்டு வந்து மறுநாள் ஆசிரியரோடு விவாதிக்க நல்ல பொருள் கிடைக்கும்.

சாப்பாட்டில் இரண்டு ஊருமே சைவர்களைச் சோதிக்கும். சலமான்காவில் காய்கறி உணவு என்று கேட்டு வாங்கியதிலும் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கலாம். ஷேலாவில் கறுப்பு பீன்ஸும் சோள ரொட்டியும் முட்டையும் மூன்று வேளையும் வரும். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். (உலகுக்கே ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் நாடு அது, நான் தங்கிய வீட்டுச் சமையலறையில் ஒரு ஏலக்காய்கூட இல்லை.) ஷேலா உதகமண்டலத்தைவிடச் சற்றே உயரமான ஊர் என்பதாலும், கோடை மாதங்கள் அங்கே மழைக்காலம் என்பதாலும் ஸ்வெட்டரும் குடையும் அவசியம்.

சலமான்காவையே தேர்ந்தெடுக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். ஸ்பானிஷ் மொழித்திறனுக்குச் சான்றிதழ் தரும் டெலே தேர்வுக்குத் தயாராகிறவர்கள், ஸ்பானிய இலக்கியம் படிக்கப்போகிறவர்கள், ஏற்கெனவே தடையின்றிப் பேசக்கூடியவர்கள் ஆகியோருக்கு அதுவே ஏற்றது. ஸ்பெயினில் அன்றாடம் புழங்கும் வொசோத்ரோஸ் (நெருங்கியவர்கள் பலரை அழைக்கும் ‘நீங்கள்’) வினைவடிவங்களுக்கு ஷேலாவில் பயிற்சி கிடைப்பது அரிது. ஸ்பெயினில் வேலைக்குச் செல்பவருக்கு அது எவ்வளவு இடைஞ்சலாகும் என்று உறுதியாகச் சொல்ல, அங்கே சில நாள்களே இருந்த என் அனுபவம் போதாது.

இந்தியாவிலிருந்து இரண்டு வார விடுமுறையில் செல்பவருக்கு மட்டும் என் பரிந்துரை மாறும். ஷேலாவை அடையப் பல விமானங்கள் மாறி, குவாத்தமாலா நகரிலிருந்து மேலும் நான்கைந்து மணி நேரம் மலைப்பாதையில் பேருந்தில் செல்ல வேண்டும். சலமான்காவோ மாட்ரிட்டிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அப்படிச் சலமான்கா செல்பவர்கள் ஷெங்கன் விசாவுக்கு முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு, குழு வகுப்புடன் நாளுக்கு ஒரு மணி நேரத் தனிவகுப்பையும் சேர்த்துக் கேட்பது நல்லது.