பழைய கார் போர்டில் பெயர் தெரியாத பாகம்: எழுத்தா, டெஸ்டரா, தடமா?

எண்பதுகள், தொண்ணூறுகளில் வந்த கார்களின் ஈசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) திறந்து, கருகிப்போன ஒரு பாகத்தை அடையாளம் காண நாலு வழி உண்டு: மேலே அச்சடித்திருப்பதைப் படிப்பது, காம்போனன்ட் டெஸ்டரில் போடுவது, சுற்றின் தடத்தைப் பிடித்துப் போவது, அதே எண்ணுள்ள இன்னொரு போர்டை வாங்கி ஒப்பிடுவது. பெரும்பாலோர் முதல் வழியிலேயே ராத்திரியைக் கழிக்கிறார்கள். டிவி, ரேடியோ போர்டுக்கு அது சரி. கார் போர்டுக்கு அதை நான் முதலில் நம்ப மாட்டேன்.

காரணம், கார் பாகங்களில் பாதிக்குத் தயாரிப்பாளரின் சொந்த எண்தான் இருக்கும். பாஷ் போர்டுகளில் 30023, 30311 மாதிரி ஐந்து இலக்க எண்களைப் பார்த்திருப்பீர்கள். தேடினால் விற்கிறவர் கிடைப்பார், பாகத்தின் விவரங்களைச் சொல்லும் டேட்டாஷீட் கிடைக்காது. இன்னொரு குழப்பம் தேதிக் குறி. 9123 என்றிருந்தால் 1991-ஆம் வருடம் 23-ஆவது வாரம் என்று அர்த்தமாக இருக்கலாம். அதை ஐசி எண் என்று நினைத்துத் தேடினால் எதுவும் வராது. ஜப்பான் டிரான்சிஸ்டர்களில் முன்னால் வரும் 2எஸ் விடுபட்டிருக்கும்: சி1815 என்றால் 2எஸ்சி1815. போர்டின் மேல்பரப்பிலேயே பற்றவைக்கும் மூன்று கால் குட்டி எஸ்எம்டி பாகத்தில் 1ஏ என்று மட்டும் இருந்தால் பிசி846ஏ-வாகவும் இருக்கலாம், கம்பெனியைப் பொறுத்து 3904 வகையாகவும் இருக்கலாம். இரண்டும் என்பிஎன் வகை டிரான்சிஸ்டர் என்பதால் சின்ன வேலைக்கு எதைப் போட்டாலும் ஓடிவிடும்.

ஏடிமெகா328 சிப் வைத்த மலிவான டெஸ்டர் கையில் இருக்க வேண்டிய கருவிதான். டிரான்சிஸ்டரா, மாஸ்ஃபெட்டா, எது எந்தக் கால் என்று சில நொடிகளில் சொல்லும். ஆனால் பாகத்தைக் கழற்றித்தான் போட வேண்டும். கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யாமல் செருகினால் டெஸ்டரே போய்விடும். பியூ931 மாதிரி இக்னிஷன் டார்லிங்டன்களில் (இரண்டு டிரான்சிஸ்டர்கள் சேர்ந்த பாகம்) உள்ளேயே ரெசிஸ்டரும் டையோடும் இருப்பதால் சில சமயம் வேறு எதையோ காட்டும். அப்புறம், செத்த பாகத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. நம் கையில் இருப்பதோ பெரும்பாலும் செத்த பாகம்.

அதனால்தான் தடம். வயரிங் வரைபடத்தில் கனெக்டரின் எந்தப் பின் எதற்கு என்று பார்த்துவிட்டு, அந்தப் பின்னிலிருந்து மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் ஒலிக்கும் பஸ்ஸரில் வைத்து உள்ளே போங்கள். மேலே பூசியிருக்கும் வார்னிஷை முனையால் குத்தித் தாண்ட வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பே இல்லாதது போலத் தெரியும். இக்னிஷன் காயிலுக்குப் போகிற பின்னில் ஹீட்சிங்க்கோடு நிற்பது இக்னிஷன் டிரைவர். ரிலே காயிலுக்குக் குறுக்கே இருப்பது பெரும்பாலும் பின்னோக்கி அடிக்கும் மின்னழுத்தத்தை விழுங்கும் டையோடு. பேட்டரி பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவே வெடித்துக் கிடப்பது ஜீனர் அல்லது டிவிஎஸ் (அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தை அடக்கும் டையோடுகள்) என்றால், அது 12 வோல்ட் பாகமாக இருக்கவே முடியாது: இன்ஜின் ஓடும்போது லைனில் 14 வோல்ட்டுக்கு மேல் வரும், 12 வோல்ட் ஜீனர் அப்போதே எரிந்துவிடும். 24 வோல்ட்டில் ஜம்ப் ஸ்டார்ட் கொடுத்தாலும் தாங்க வேண்டும் என்பதால் அதற்கும் மேலே தேடலாம். இப்படிப் பெயரே தெரியாமல் மதிப்பின் எல்லையைப் பிடித்துவிடலாம். எட்டுக் கால் ஐசியில் 2903, 2904 என்று கண்டால் பயப்பட வேண்டாம்; நமக்குப் பழக்கமான 393 (கம்பேரேட்டர்), 358 (ஆப்-ஆம்ப்) ஐசிகளின் அதிக வெப்பம் தாங்கும் உறவினர்கள்தான்.

தடம் எங்கே தோற்கும் என்றால், தயாரிப்பாளர் தனக்கென்றே செய்துகொண்ட பெரிய ஐசிகளில். ஃபோர்டின் ஈஈசி-4 பெட்டியில் இருக்கும் இன்டெல் 8061 அப்படிப்பட்டது. அங்கே காயலான் கடை போர்டுதான் ஒரே வழி. செலவு கூடுதல்தான், ஆனால் இருக்கிற மதிப்பை நேரடியாக அளந்து பார்க்கலாம், பாகத்தையே எடுத்தும் வைக்கலாம். புரோகிராமைச் சேமித்து வைக்கும் ஈப்ராம் சிப்பை மட்டும் அப்படி மாற்றாதீர்கள். சிப்பின் எண் 27சி256 என்று ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் புரோகிராம் வேறாக இருக்கலாம். ஒப்பிட வேண்டியது மேலே ஒட்டிய ஸ்டிக்கரின் எண்ணை. அந்த ஸ்டிக்கரை உரிக்கவும் கூடாது, அடியில் கண்ணாடி ஜன்னல் இருந்தால் வெயில் பட்டுப் பட்டு உள்ளே இருப்பது அழிந்துவிடும்.