பிராகா, வியன்னாவா, புடாபெஸ்டா? நண்பர்கள் பட்டாளத்துக்கு எந்த ஊர்

ஐந்தாறு நண்பர்கள் சேர்ந்து ஐரோப்பாவில் நான்கு நாள் சுற்றலாம் என்று பேச்செடுத்தால், வாட்ஸ்அப் குழுவில் இந்த மூன்று பெயர்களும் கட்டாயம் வந்து விழும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரே ஷெங்கன் விசாவில் மூன்றுக்கும் போகலாம். ரயிலில் பிராகிலிருந்து வியன்னா சுமார் 4 மணி நேரம், வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் இரண்டே முக்கால் மணிக்குள். மூன்றும் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஆட்சியில் வளர்ந்த ஊர்கள் என்பதால் முகஜாடையும் கொஞ்சம் ஒன்றுபோலவே இருக்கும். "அப்படின்னா மூணையும் ஒரே மூச்சுல பாத்துடலாமே மச்சான்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். கையில் ஒரு முழு வாரம் இல்லையென்றால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நான்கு நாளில் மூன்று ஊர் என்றால் பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதும்தான் மிஞ்சும்.

அழகை வைத்து இவற்றைத் தரம் பிரிக்க எனக்கு மனம் வராது. நான் பார்ப்பது வேறு. பட்டாளத்தில் ஒருவர் காலை ஆறு மணிக்கே ஷூ மாட்டி வாசலில் நிற்பார், இன்னொருவர் பத்து மணிக்குத்தான் கண்ணைத் திறப்பார். ஒருவருக்கு ஓவியம், ஒருவருக்கு பீர், ஒருவருக்குச் சைவச் சாப்பாடு கிடைத்தால் போதும். இத்தனை பேரையும் முகம் கோணாமல் வைத்திருக்கிற ஊர் எது? ஆளுக்கொரு திசையில் பிரிந்துபோய், இரவில் சிரமமில்லாமல் ஒன்று சேர முடிகிற ஊர் எது? அந்தக் கண்ணோட்டத்தில்தான் கீழே எழுதியிருப்பதெல்லாம்.

நடந்து பார்க்க

முதல் பார்வையிலேயே ஆளை மயக்குவதில் பிராகை மிஞ்ச ஊரில்லை. பழைய நகரச் சதுக்கம், சார்லஸ் பாலம், மேட்டின் மேல் கோட்டை எல்லாமே ஒரு மணி நேர நடைக்குள் அடங்கிவிடும். 1357இல் நான்காம் சார்லஸ் காலத்தில் கட்டத் தொடங்கிய பாலம் அது. நீளம் 500 மீட்டருக்குச் சற்று அதிகம், இரு பக்கமும் 30 சிலைகள். அவற்றில் நெபோமுக் புனித யோவான் சிலையின் அடியில் இரண்டு வெண்கலப் பலகைகள் இருக்கின்றன. 1393இல் அரசன் ஆணைப்படி அவரை வல்டாவா ஆற்றில் தள்ளியதைச் சொல்லும் சிற்பம் ஒரு பலகையில் இருக்கிறது. பலகை முழுக்கக் கறுத்துக் கிடக்க, வருகிறவர்கள் எல்லோரும் தொட்டுத் தொட்டு, அந்த ஓர் இடம் மட்டும் தங்கம்போல் மின்னும். தொட்டால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை. நம் ஆட்களில் யாரும் தொடாமல் நகர மாட்டார்கள்.

சதுக்கத்தில் 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம். மணி அடிக்கும்போது எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுத்து மணியாட்டும், மேலே இரண்டு சாளரங்களில் இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் பொம்மைகள் வரிசையாக வந்து போகும், கடைசியில் சேவல் கூவும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். கூட்டத்தில் சிலர் "அவ்ளோதானா?" என்பார்கள். எனக்கு அது அநியாயமாகப் படும். 600 வருஷம் முந்திய கடிகாரம் இன்றும் ஓடுகிறது, அதைவிட என்ன வேண்டும்? பார்த்துவிட்டு அதே கோபுரத்தில் ஏறுங்கள், லிஃப்ட் உண்டு. மேலேயிருந்து பார்த்தால் சிவப்பு ஓட்டுக் கூரைகள் ஆறு வரைக்கும் விரிந்து கிடக்கும்.

பிராகின் சிக்கலும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. பார்க்க வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், உலகமே அதே நான்கு தெருக்களில் வந்து நிற்கிறது. பகல் 11 மணிக்கு மேல் ஆறு பேர் சேர்ந்து பாலத்தைக் கடப்பது பெரும்பாடு. ஒருவர் படம் எடுக்க நின்றால் மீதிப் பேர் அரை கிலோமீட்டர் போயிருப்பார்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் போனால் பாலம் உங்களுடையது. ஆனால் பத்து மணிக்கு எழுகிறவரை என்ன செய்வது?

வியன்னாவில் இந்த நெருக்கடி கிடையாது. பழைய நகரச் சுவரை இடிக்க 1857இல் பேரரசர் ஃபிரான்ஸ் யோசப் ஆணையிட்டு, அந்த இடத்தில் எழுந்ததுதான் ரிங் சாலை. ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒபேரா என்னும் இசை நாடக அரங்கம், நாடாளுமன்றம், நகர மன்றம், பல்கலைக்கழகம் எல்லாம் அதன் ஓரத்தில் வரிசை கட்டி நிற்கும். நடைபாதையில் ஆறு பேரும் தோளோடு தோள் சேர்ந்து போகலாம். கால் வலித்தால் 1ஆம் எண், 2ஆம் எண் டிராம்களில் ஏறி உட்கார்ந்துவிடலாம். ஷோன்புருன் அரண்மனைக்கு உள்ளே போகத்தான் டிக்கெட், தோட்டம் இலவசம். மேட்டின் மேல் இருக்கும் குளோரியட் மண்டபம் வரை ஏறினால் நகரம் முழுக்கத் தெரியும். அரண்மனையின் அறைகளை ஒன்றொன்றாகப் பார்க்க ஆசைப்படுகிறவர் ஒருவர், புல்வெளியில் கால் நீட்ட ஆசைப்படுகிறவர் ஐந்து பேர் என்றால் அந்த ஒருவரை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே காத்திருங்கள், யாருக்கும் குறை இல்லை.

புடாபெஸ்டில் நடப்பதைவிட டிராமில் போவதுதான் சுகம். டான்யூப் ஆற்றின் ஒரு கரை புடா, மறு கரை பெஸ்ட். பெஸ்ட் கரையோரமாக ஓடும் 2ஆம் எண் டிராமில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் நாடாளுமன்றம், சங்கிலிப் பாலம், அக்கரையில் புடா கோட்டை, கெல்லெர்ட் குன்று எல்லாம் வரிசையாக வந்து போகும். சாதாரண டிக்கெட்தான். ஐந்து பேர் வரைக்கும் சேர்ந்து வாங்கும் 24 மணி நேரக் குழுப் பயணச்சீட்டும் உண்டு. ஐந்து பேரும் ஒன்றாகவே சுற்றுகிற நாளில் அதை வாங்குங்கள். 1896இல் திறந்த மெட்ரோவின் முதல் தடத்தில் ஒருமுறை போகாமல் திரும்பாதீர்கள். தரைக்குக் கீழே சில படிகள் இறங்கினால் போதும், மரச்சட்டம் போட்ட சின்ன நிலையங்கள், குட்டி மஞ்சள் பெட்டிகள். ஐரோப்பியப் பெருநிலப்பரப்பின் முதல் சுரங்க மெட்ரோ அதுதான்.

கரையில் நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே 60 ஜோடி இரும்புக் காலணிகள் வரிசையாக வைத்திருக்கும். 1944-45இல் ஹங்கேரியின் பாசிச அம்புச்சிலுவைக் கட்சிக்காரர்கள் யூதர்களை அங்கே நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் சொல்லி, சுட்டு டான்யூபில் தள்ளினார்கள். 2005இல் வைத்த நினைவுச்சின்னம் அது. சிரித்துக்கொண்டே வரும் பட்டாளம் அங்கே தானாக அமைதியாகிவிடும். செல்ஃபி மட்டும் வேண்டாம்.

உட்கார்ந்து பேச

நண்பர்களோடு போனால் பாதி நேரம் பேச்சில்தான் போகும். அதனால் எனக்கு இந்த விஷயம்தான் முக்கியம்.

பிராகில் பீர்தான் பேச்சுத்துணை. லெட்னா மேட்டுப் பூங்காவில் மரத்தடி பெஞ்சுகள் போட்ட பீர்த் தோட்டம் ஒன்று இருக்கிறது. கீழே ஆறும், அடுத்தடுத்துப் பாலங்களும். குடிக்காதவருக்கும் அந்தக் காட்சி போதும்.

வியன்னாவில் காபிக் கடை. வெள்ளித் தட்டில் காபியும் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வரும். ஒரே ஒரு காபியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுந்திரு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தத் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக வருவது, 1873இல் முதல் குழாய்த் தடம் திறந்ததிலிருந்து. பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆனால் காபிக் கடையில் குரல் தாழ்த்திப் பேசுவதுதான் வழக்கம். பேப்பர் படிக்கிறவர்கள், தனியாக எழுதிக்கொண்டிருப்பவர்கள் நடுவே ஆறு பேர் வெடித்துச் சிரித்தால் பக்கத்து மேஜை திரும்பிப் பார்க்கும். இரண்டு பேருக்கு அது சொர்க்கம். ஆறு பேருக்குக் கட்டுப்பாடு.

வியன்னாவுக்காக நான் வாதாட ஒரு விஷயம் உண்டு: அரசு ஒபேராவின் நின்று பார்க்கும் டிக்கெட். காபியும் கேக்கும் சாப்பிடுகிற விலைக்கு, உலகத் தரமான நிகழ்ச்சி. இடம் பிடித்தவர்கள் முன்னால் இருக்கும் கம்பியில் ஒரு கழுத்துத்துணியைக் கட்டிவிட்டு வெளியே போய் வருவார்கள். துணி கட்டியிருந்தால் அந்த இடத்தை வேறு யாரும் தொட மாட்டார்கள். ஒபேரா பிடிக்காத நண்பர் இடைவேளையில் கழன்றுகொள்ளலாம், பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

இனி புடாபெஸ்டின் வெந்நீர்க் குளங்கள். 1913இல் திறந்த செசெனி குளியல் மாளிகைக்குப் போங்கள், அதுவும் குளிர் காலத்தில். மஞ்சள் கட்டடத்துக்கு நடுவே திறந்தவெளிக் குளம், பூமிக்கடியிலிருந்து வரும் சூடான கனிம நீர், தலைக்கு மேல் ஆவி. உள்ளூர்ப் பெரியவர்கள் மார்பளவுத் தண்ணீரில் நின்றபடி சதுரங்கம் ஆடுவார்கள். சுற்றி நாலு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இன்னொரு குளத்தில் வட்டமாகச் சுழலும் நீரோட்டம் ஒன்று உண்டு. உள்ளே நுழைந்தால் முப்பது வயது ஆட்கள் அப்படியே பத்து வயதுக்குப் போய்விடுவார்கள். ஓவியப் பிரியர், பீர்ப் பிரியர், தூக்கப் பிரியர் எல்லோரும் ஒரே தண்ணீரில் கழுத்தளவு மூழ்கி, போனும் கையில் இல்லாமல், மூன்று மணி நேரம் பேசுவதை வேறு எந்த ஊரிலும் நான் பார்த்ததில்லை. துண்டும் ரப்பர் செருப்பும் நீங்களே கொண்டுபோய்விடுங்கள். கையில் கட்டிவிடும் பட்டைதான் அலமாரிச் சாவி, அதைத் தொலைக்காதீர்கள்.

சாப்பாடு, காசு

சைவக்காரருக்கு மூன்று ஊரிலும் பட்டினி இல்லை. பிராகில் பாலாடைக்கட்டியைப் பொரித்து உருளைக்கிழங்கோடு தருவார்கள். வியன்னாவின் நாஷ்மார்க்ட் சந்தையில் ஃபலாஃபல் (கொண்டைக்கடலை வடை) கடைகள் நிறைய. புடாபெஸ்டில் லாங்கோஷ்: எண்ணெயில் பொரித்த பெரிய மாவு ரொட்டி, மேலே பூண்டு, புளித்த கிரீம், துருவிய சீஸ். ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள், முழுதாகச் சாப்பிட்டால் அன்றைக்கு நடக்க முடியாது. உருளையில் சுற்றிச் சுட்ட சர்க்கரை ரொட்டியை பிராகின் எல்லா முனையிலும் விற்பார்கள். அதன் ஹங்கேரிய உறவு திரான்சில்வேனியாவிலிருந்து வந்த கியூர்தோஷ்கலாச். அதை புடாபெஸ்டில் சாப்பிடுவதே சரி.

மூன்று ஊருக்கும் மூன்று நாணயம்: கொருனா, யூரோ, ஃபோரின்ட். செலவில் வியன்னாதான் கை கடிக்கும். பிராகில் தெருவோர நாணய மாற்றுக் கடையில் மோசமான விலைக்கு மாற்றிவிட்டால், ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிப் போய் ரத்து செய்யும் உரிமையை 2019இலிருந்து செக் சட்டம் தருகிறது. பிராகிலும் புடாபெஸ்டிலும் காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடிக் கிடக்கும், பெரிய ரயில் நிலையங்களில் சில கடைகள்தான் கதி. சனிக்கிழமையே பிஸ்கெட், பழம் வாங்கி வைத்துவிடுங்கள்.

என் தேர்வு

நான்கு நாள், ஐந்தாறு பேர், ஆளுக்கொரு ரசனை என்றால் புடாபெஸ்ட். தயக்கமே இல்லை. ஐரோப்பாவை முதல்முறை பார்க்கிறவர்கள் பாதிப் பேர் இருந்து, எல்லோரும் அதிகாலையில் எழவும் தயார் என்றால் பிராக். வியன்னாவை இரண்டு மூன்று பேராகப் போகும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் மட்டும் விதிவிலக்கு. அப்போது வியன்னா நகர மன்றத்தின் முன்னால் போடும் கிறிஸ்துமஸ் சந்தையில் எவ்வளவு சத்தமாகச் சிரித்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். சூடான பானம் தரும் கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுக்காமல் நினைவுக்கு வைத்துக்கொள்ளவும் செய்யலாம்.

புடாபெஸ்ட் என்று முடிவானால் தங்குமிடத்தை யோசித்துப் போடுங்கள். கசின்சி தெருவைச் சுற்றிய ஏழாம் வட்டாரத்தில்தான் பாழடைந்த பழைய வீடுகளை மதுக்கூடமாக்கிய புகழ்பெற்ற இடங்கள் இருக்கின்றன. அங்கேயே அறை எடுத்தால் விடிய விடியச் சத்தம், சீக்கிரம் தூங்குகிறவர் பாவம். கொஞ்சம் தள்ளி ஒக்டோகோன் பக்கம் எடுங்கள். அதன் வழியே ஓடும் 6ஆம் எண் டிராம் இரவு முழுக்க உண்டு. இரவு பத்து மணிக்கே கொட்டாவி விடுகிறவர் தனியாக ஏறி வந்துவிடலாம், மூன்று மணி வரை ஆடுகிறவர்களும் டாக்சி தேடாமல் வந்து சேரலாம்.