தாமான் நெகாரா ‘இரவு சஃபாரி’: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன வாரம் என் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பி, “பிள்ளைங்கள கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன், நல்லா இருக்குமா?” என்று கேட்டார். மலேசியாவின் தேசியப் பூங்காவான தாமான் நெகாரா, மூன்று நாள் இரண்டு இரவு, காட்டுக்குள் இரவு சஃபாரி உட்பட. 2019 மார்ச் பள்ளி விடுமுறையில் நாங்கள் ஏமாந்தது இதே மாதிரி விளம்பரத்தில்தான். அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா என்று ஐந்து பேர் போனோம். தலைக்கு 350 ரிங்கிட். பணத்தை ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கில் போடச் சொன்னார்கள், போட்டேன். கோலா தெம்பெலிங் படகுத்துறையிலிருந்து பூங்காவின் வாசலான கோலா தஹானுக்குச் சுமார் 60 கிலோமீட்டர், நீளப் படகில் மூன்று மணி நேரம். அந்தப் பயணத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அப்பா பேசாமல் கரையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அன்று இரவு எட்டரைக்கு, பின்புறம் திறந்த ஒரு ஃபோர்வீல் வண்டியில் ஏற்றினார்கள். சஃபாரிக்குத் தனியாகத் தலைக்கு 40 ரிங்கிட் வாங்கியிருந்தார்கள். கிராமத்தைத் தாண்டியதும் வண்டி மண் சாலையில் இறங்கியது. ஓட்டுநரின் உதவியாள் டார்ச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டே வந்தான். கொஞ்ச தூரத்திலேயே அப்பா என் தோளைத் தொட்டு, “தம்பி, இது காடு இல்லய்யா. செம்பனை. வரிசையப் பாரு,” என்றார். பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம், பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டியவர் அவர். முப்பது அடிக்கு ஒரு மரம் நிற்பது அவர் கண்ணுக்கு இருட்டிலும் தப்பவில்லை.

ஒரு கம்பத்தின் மேல் வெள்ளை முகத்தோடு ஓர் ஆந்தை உட்கார்ந்திருந்தது. “அபூர்வமான காட்டு ஆந்தை” என்று உதவியாள் மலாயில் சொல்ல, பிள்ளைகள் குதித்தார்கள். அது கூகை. எலியைப் பிடிப்பதற்காகத் தோட்டங்களில் கம்பத்தில் பெட்டி வைத்துத் தங்கவைக்கும் பறவை. அப்பாவின் தோட்டத்திலும் அந்தப் பெட்டிகள் இருந்தன. அப்புறம் ஒரு சிறுத்தைப் பூனை குறுக்கே ஓடியது. அதுவும் எலி தேடித் தோட்டத்துக்கு வருவதுதான். பார்க்க அழகாகவே இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தேசியப் பூங்காவுக்குள் கூட்டிப்போகிறேன் என்று சொல்லித்தான் எங்களிடம் காசு வாங்கினார்கள்.

இதில் நான் முன்னாடியே யோசித்திருக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. கோலா தஹானில் கார் வந்து நிற்கும் கிராமம் தெம்பெலிங் ஆற்றின் இந்தக் கரையில். பூங்கா அந்தக் கரையில். நடுவில் சின்னப் படகில்தான் கடக்க வேண்டும், வண்டி போக வழியில்லை. ஆகவே கிராமத்தில் உங்களை ஏற்றும் எந்த வண்டியும் பூங்காவுக்குள் போகப்போவதில்லை.

இரண்டாம் இரவு இதைவிட மோசம். பும்புன் கும்பாங்கில் தங்கவைப்பதாக எழுத்திலேயே சொல்லியிருந்தார்கள். பும்புன் என்றால், உப்புமண் தேடி வரும் தாப்பிர், மான் போன்றவற்றை மறைந்திருந்து பார்க்கக் கட்டிய உயரமான குடில். கும்பாங் காட்டுக்குள் 11 கிலோமீட்டர் நடை, அல்லது படகில் போய் மீதியை நடக்க வேண்டும். எங்களைக் கொண்டுபோய் விட்டது பும்புன் தஹானில். பூங்காப் பக்கம் இருக்கும் விடுதியிலிருந்து ஐந்து நிமிட நடை, விடுதியின் விளக்கு வெளிச்சம்கூடத் தெரிந்தது. காலையில் பெர்ஹிலித்தான், அதாவது வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையின் முகப்பிடத்தில் விசாரித்தேன். எங்கள் பெயரில் கும்பாங்குக்கு முன்பதிவே இல்லை. நுழைவு அனுமதி தலைக்கு ஒரு ரிங்கிட், கேமராவுக்கு ஐந்து ரிங்கிட் என்பதும் அங்கேதான் தெரிந்தது. ‘பெர்மிட் கட்டணம்’ என்று எங்களிடம் ஆளுக்கு 30 வாங்கியிருந்தார்கள்.

பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடைசி நாள், உரிமம் உள்ள வழிகாட்டி ஒருவரைப் பூங்காப் பக்கமே பிடித்துக்கொண்டு புக்கிட் தெரேசெக் ஏறினோம். கிப்பன் குரங்குகளின் குரல் கேட்டது. துவாலாங் மரத்தடியில் அப்பா ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அட்டையும் கடித்தது, யாரும் பொருட்படுத்தவில்லை. அந்தச் சில மணி நேரத்துக்காகவே அங்கே போகலாம்.

திரும்பி வந்ததும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கப் பாரத்தை எடுத்தேன். கட்டணம் ஐந்து ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் எதிர்த்தரப்பின் பெயர், முகவரி எழுத வேண்டிய இடத்தில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இருந்தது ஒரு கைப்பேசி எண், அதுவும் அதற்குள் அணைந்துவிட்டது. அதனால் சொல்கிறேன்: சுற்றுலா அமைச்சின் உரிம எண்ணும் நிறுவனத்தின் பெயரில் ரசீதும் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பும்புன் என்றால் எந்தப் பும்புன், பதிவு யார் பெயரில் என்று கேட்டு வாங்குங்கள். இரவில் காடு பார்க்க வேண்டுமா, அந்தக் கரையிலிருந்தே வழிகாட்டியோடு நடந்துபோகும் இரவு நடை இருக்கிறது. பூச்சியும் தேளும் சிலந்தியும்தான் அதிகம் தென்படும், ஆனால் நீங்கள் நிற்பது நிஜக் காட்டில்.

மச்சானிடம், “வண்டி ஆத்துக்கு எந்தப் பக்கம் ஓடும்னு மட்டும் கேளு,” என்றேன். கேட்டிருக்கிறார். நாலு நாளாகிறது, பதில் வரவில்லை.