பதற்ற மாத்திரை: எழுதிக் கொடுத்தவர் நிறுத்தும்போது இல்லை

முதலில் ஒரு விஷயம். நீங்கள் அல்பிரசோலம், குளோனசெபம், லோராசெபம், டயசெபம் என்று பதற்றத்துக்கான மாத்திரை ஏதாவது ஒன்றைச் சில வாரங்களாகத் தினமும் எடுத்துக்கொண்டிருந்தால், இந்தப் பதிவைப் படித்துப் பயந்துபோய் இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நின்றுபோனதால்தான் நான் ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன். நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

எனக்குப் பதற்றம் புதிதில்லை. ஆனால் கடந்த ஆண்டு அது எல்லை மீறிவிட்டது. விடிகாலை மூன்றரை மணிக்கு விழிப்பு வரும். தலையணையில் காதை வைத்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது காதுக்குள்ளேயே கேட்கும். வேலை நேரத்தில் போன் அடித்தால் வயிற்றைக் கலக்கும். அக்காவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மனநல மருத்துவரிடம் நேரில் போகக் கூச்சம். காத்திருக்கும் இடத்தில் தெரிந்த முகம் ஏதாவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அந்தக் கூச்சத்துக்கு ஆன்லைன் ஆலோசனை கச்சிதமாகப் பொருந்தியது. ராத்திரி பதினோரு மணிக்கும் டாக்டர் கிடைப்பார், யாருக்கும் தெரியாது.

செயலியில் பணம் கட்டியதும் ஒரு படிவம் வந்தது. ஏழு கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் பதற்றமாக இருந்தீர்கள், கவலையை நிறுத்த முடியாமல் தவித்தீர்களா, எரிச்சல் வந்ததா என்பது போல. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். எனக்கு 14 வந்தது. உடனே திரையில் ‘மிதமான பதற்றக் கோளாறு’ என்று காட்டியது. அது ஜி.ஏ.டி-7 என்ற வினாத்தாள், 2006-இல் வெளியானது, உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்துவது என்று பிறகு தெரிந்துகொண்டேன். நல்ல கருவிதான். ஆனால் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் இவரை இன்னும் விசாரித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வதுதான் அதன் வேலை. நோய் இதுதான் என்று முடிவு கட்டுவது அதன் வேலை இல்லை. எனக்கோ விசாரணை அந்தப் படிவத்தோடு முடிந்துபோனது.

வீடியோ அழைப்பு என்றார்கள். டாக்டர் பக்கம் கேமரா அணைந்தே இருந்தது. “சொல்லுங்கம்மா, என்ன பிரச்சினை?” என்றார். சொன்னேன். தூக்கம் வருகிறதா, தற்கொலை எண்ணம் உண்டா, மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்று மூன்று கேள்விகள். “பயப்படாதீங்க. சின்ன மாத்திரை ஒண்ணு தர்றேன், காலை, மதியம், ராத்திரி. ஒரு மாசம் எடுங்க, அப்புறம் பார்க்கலாம்.” அழைப்பு முடிந்தபோது ஏழு நிமிடம்கூட ஆகவில்லை. தைராய்டு பார்த்தீர்களா, ரத்தசோகை உண்டா, மாதவிடாய் எப்படி, காபி எவ்வளவு, மது பழக்கம் உண்டா, வேறு மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா, எதையும் கேட்கவில்லை. எந்த மாத்திரை, அதன் குணம் என்ன, எத்தனை நாள் வரை எடுக்கலாம் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. சீட்டில் இருந்தது அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம்.

மாத்திரை வேலை செய்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் நாள் போட்டு அரைமணி நேரத்தில் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த கையை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு விடியும்வரை தூங்கினேன். அந்த டாக்டரை மனதார வாழ்த்தினேன். அந்த நிம்மதிதான் அடுத்த ஐந்து மாதங்களுக்கு என்னைக் கேள்வி கேட்க விடாமல் செய்தது.

ஒரு மாதம் முடிந்ததும் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றது நடக்கவே இல்லை. சந்தா தானாகப் புதுப்பிக்கும். அதே படிவம் வரும். நிரப்பினால் மறுநாள் சீட்டு வந்துவிடும். ஒவ்வொரு முறையும் கீழே வேறொரு டாக்டர் பெயர். மூன்றாவது மாதம், மாத்திரை முன்போல் கேட்கவில்லை என்று படிவத்தின் கடைசிப் பெட்டியில் எழுதினேன். அழைப்பு எதுவும் இல்லை, 0.25 என்பது 0.5 ஆகி வந்தது.

அதற்குள் எனக்குள் வேறொன்று தொடங்கியிருந்தது. மதிய மாத்திரைக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே கை நடுங்கும், உள்ளங்கை வேர்க்கும். போட்டால் சரியாகிவிடும். நோய் முற்றுகிறது, மாத்திரைதான் என்னைக் காப்பாற்றுகிறது என்று நினைத்தேன். உண்மை ஏறக்குறைய தலைகீழ். அல்பிரசோலம் வேகமாக வேலை செய்து வேகமாக இறங்கும் மருந்து. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையச் சராசரியாக 11 மணி நேரம்தான். உடம்பு பழகிவிட்டால் இரண்டு வேளைக்கு நடுவிலேயே மருந்தைக் கேட்கத் தொடங்கிவிடும். வேலையிலும் மறதி. ஒரே மின்னஞ்சலை இரண்டு முறை அனுப்பினேன். பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் சொல் கிடைக்காமல் நிற்பேன். இது மாத்திரையால் இருக்கலாம் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை.

ஆறாவது மாதம் படிவத்தை நிரப்பினேன். சீட்டு வரவில்லை. தானியங்கி மின்னஞ்சல் ஒன்று வந்தது: ‘எங்கள் கொள்கை மாற்றத்தின்படி இந்த வகை மருந்துகளை இனிப் பரிந்துரைப்பதில்லை. புரிதலுக்கு நன்றி.’ கையில் இரண்டு நாள் மாத்திரை இருந்தது. எப்படிக் குறைப்பது, எங்கே போவது, நிறுத்தினால் என்ன ஆகும் என்று அதில் ஒரு வரி இல்லை. உரையாடல் பெட்டியில் எழுதினால் ‘அவசரம் என்றால் அருகிலுள்ள மருத்துவமனையை அணுகவும்’ என்ற ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. நான்கு முறை எழுதினேன். சரி, ஒரு மாத்திரைதானே, பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிடலாம் என்று நானே முடிவு செய்தேன்.

மாத்திரை தீர்ந்து இரண்டாம் நாள் ராத்திரி. மின்விசிறிச் சத்தம் மண்டைக்குள் ரம்பம் அறுப்பது போல இருந்தது. போன் திரை வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. போர்வை நனையும் அளவுக்கு வியர்வை. தண்ணீர் டம்ளரைப் பிடித்தால் பாதி தரையில் சிந்தியது. அக்கா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, “என்ன மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க? கடைசியா எப்ப போட்டீங்க?” என்பதுதான். ஐந்து மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. வலிப்பு வராமல் போனது உங்கள் அதிர்ஷ்டம் என்றார்.

இது அவர் கண்டுபிடித்த புதிய விஷயம் இல்லை. பென்சோடயசெபைன் என்ற இந்த மருந்துக் குடும்பம் 1960 முதல் புழக்கத்தில் இருக்கிறது. தொடர்ந்து எடுத்தால் உடம்பு அதைச் சார்ந்துவிடும், திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த சங்கதி. 2020-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இந்தக் குடும்பம் முழுவதற்கும் மருந்துத் தாளில் கட்டம் கட்டிப் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கையில் இதைச் சேர்க்கச் சொன்னது. வலி நிவாரண ஓபியாய்டு மருந்துகளோடும் மதுவோடும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். இவ்வளவும் மருந்தின் உறைக்குள் இருக்கும் தாளில் உண்டு. பொடி எழுத்தில்.

இணையவழியில் இதை எழுதித்தரலாமா என்பதில் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதி. இந்தியாவின் 2020-ஆம் ஆண்டுத் தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளை அப்படி எழுதக் கூடாது என்கின்றன. அல்பிரசோலம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்காவில் 2008-இல் வந்த சட்டம் முதலில் நேரில் பார்த்திருக்க வேண்டும் என்றது. கொரோனா காலத்தில் அதைத் தளர்த்தினார்கள். நீங்கள் இருக்கும் நாட்டில் விதி என்ன என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். விதியை ஒட்டி உரசிக்கொண்டு நடக்கும் சேவை ஒரு நாள் கதவைச் சாத்தினால் வெளியே நிற்பது நீங்கள்தான்.

இப்போது என்னைப் பார்க்கும் மனநல மருத்துவர் முதல் முறை முக்கால் மணி நேரம் பேசினார். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தது, ஹீமோகுளோபின் குறைவு. பதற்றத்துக்கே அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் படபடப்பில் அதற்கும் பங்கு இருக்கும் என்றார். முதல் நாளே ஒரு பரிசோதனையில் தெரிந்திருக்கும். அல்பிரசோலத்துக்குப் பதிலாக மெதுவாக இறங்கும் டயசெபத்துக்கு மாற்றி, சில வாரங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம். மாத்திரையைப் பாதியாக்க ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா வாங்கியிருக்கிறேன், மூடியில் பிளேடு வைத்தது. சரியாக நடுவில் வைக்காவிட்டால் ஒரு பக்கம் பொடிந்துபோகும். பொடிந்த நாள் எனக்கே தெரிகிறது, சாயங்காலம் உடம்பு சொல்லிவிடும். கூடவே சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சை. நீண்ட நாளைக்கு என்று எஸ்சிடாலோபிராம், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் வேறு வகை மருந்து. இது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், முதல் ஒன்றிரண்டு வாரம் பதற்றம் கூடியது போலக்கூடத் தோன்றும், அப்போது பயந்து விட்டுவிடாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னார். அப்படியேதான் ஆனது. சொல்லாமல் இருந்திருந்தால் நான்காம் நாளே தூக்கிப் போட்டிருப்பேன். 24 வயது வரை உள்ளவர்களுக்கு இந்த வகை மருந்தைத் தொடங்கும்போது தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று வீட்டிலுள்ளவர்களும் கவனிக்க வேண்டுமாம்.

என்னுடைய மாதாந்தரச் சந்திப்புகள் பாதி வீடியோவில்தான் நடக்கின்றன. அதனால் ஆன்லைன் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. தொலைவில் இருப்பவர்களுக்கும், வீட்டை விட்டு வெளியே வரவே பயப்படுகிறவர்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால் ஒரே டாக்டர் தொடர்ந்து பார்க்க வேண்டும், உங்கள் பழைய குறிப்பு அவர் கையில் இருக்க வேண்டும், இடையில் ஏதாவது ஆனால் மனிதர் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். சீட்டு எழுதும் முன்பே, “டாக்டர், இதை எத்தனை வாரம் எடுக்கணும்? நிறுத்தும்போது எப்படிக் குறைக்கணும்? அப்ப நீங்க இருப்பீங்களா?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் அந்த மாத்திரையை வாங்காதீர்கள். உங்களுக்கு இருக்கும் மற்ற நோய்களை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். படபடப்புக்குச் சாதாரணமாகத் தரும் புரோப்ரனலால்கூட ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து.

அந்தச் சேவையிடம் என் மருத்துவக் குறிப்புகள் அனைத்தையும் எழுத்தில் கேட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு பக்கம் வந்தது. ஐந்து மாதத்துக்கு ஐந்து பதிவுகள், நான்கு வெவ்வேறு டாக்டர் பெயர்கள். ஐந்திலும் ஒரே வரி: ‘நோயாளி நலம். மருந்து தொடரவும்.’ மூன்றாவது மாதம் மாத்திரை கேட்கவில்லை என்று நான் எழுதியிருந்தேனே, அந்தப் பதிவிலும் அதே வரிதான். அந்தப் பக்கத்தை இணைத்து மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன்.